ஆவணக் காப்பக வேலையில் முன்னேறுவது எப்படி? பெங்களூரிலிருந்து ஒரு கேள்வி

அல்சூர்க்காரி:

வணக்கம். பெங்களூரில் ஓர் ஆய்வு நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். வரலாற்றில் முதுகலை முடித்துவிட்டு நேராக இங்கே வந்தவள். ஒப்பந்தம் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. பதவியின் பெயர் சேர்ந்த நாளில் இருந்ததேதான்: திட்ட உதவியாளர்.

இப்போது பழைய பதிவேடுகளை ஸ்கேன் செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. குழுத் தலைவர் பொறுப்பு, ஏறக்குறைய இரட்டிப்புச் சம்பளம். வீட்டில் எல்லோரும் போகச் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒப்பாததற்குக் காரணம் வெறும் பாசமா, நியாயமா என்று இந்தத் துறையை அறிந்தவர்களிடம் கேட்க நினைக்கிறேன்.

நான் எதில் தேறியிருக்கிறேன் என்று யாராவது கேட்டால் ஓர் எடுத்துக்காட்டைத்தான் சொல்ல முடியும். நகரத்தின் தொழிற்சாலைகளைப் பற்றிய எங்கள் சேகரிப்புக்கு ஒரு தமிழ்க் குடும்பம் தங்கள் தந்தையின் பிஸ்கட் டின்னைக் கொடுத்தது. அவர் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் கடைசல் இயந்திரம் ஓட்டியவர். டின்னுக்குள் வருங்கால வைப்பு நிதிச் சீட்டுகள், ரேஷன் அட்டை, இரண்டு கல்யாணப் பத்திரிகைகள். அவற்றுக்கு அடியில் ரப்பர் பேண்டு உருகி ஒட்டிப்போன ஒரு கட்டு. அதில் தொழிற்சங்க நிதி ரசீதும் அடகுக் கடைச் சீட்டும் மாறி மாறி அடுக்கப்பட்டிருந்தன. எல்லாம் 1981ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதத் தேதிகள். 1980 டிசம்பர் கடைசியில் தொடங்கி மார்ச் வரை நடந்த பெங்களூர்ப் பொதுத்துறைத் தொழிலாளர்களின் 77 நாள் வேலைநிறுத்தக் காலம் அது.

ஓர் அடகுச் சீட்டின் பின்பக்கத்தில் பென்சிலில் ஒரு கணக்கு. அரிசி, மண்ணெண்ணெய், பள்ளிக் கட்டணம். அதற்குக் கீழே "வளையல் ஒன்று மீட்டது". வேறு மையில், வேறு கையெழுத்தில். மனைவியுடையதாக இருக்கலாம் என்று குடும்பத்தார் சொன்னார்கள்.

வகை பிரித்து வையுங்கள் என்று எனக்குச் சொல்லப்பட்டது. சங்க ரசீது ஒரு கோப்பு, அடகுச் சீட்டு ஒரு கோப்பு. நான் மறுத்தேன். அந்தக் கட்டு எந்த வரிசையில் வந்ததோ அந்த வரிசையிலேயே, ஒவ்வொரு தாளுக்கும் எண் போட்டு, பின்பக்கத்தையும் தனியாகக் குறித்து, ஒரே கோப்பாக வைத்தேன். பிரித்திருந்தால் அந்த மூன்று மாதம் அந்த வீடு எப்படி நடந்தது என்பது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

எனக்குத் தெரிந்த வேலை இதுதான். இதற்குச் சந்தையில் விலை இருக்கிறதா? இதே வேலையில் மேலே போக வழி உண்டா? அல்லது மேலே போவது என்றாலே இதை விட்டுவிட்டு ஆட்களையும் கெடு தேதிகளையும் மேய்ப்பதுதானா?

---

பழைய கோப்பு:

அம்மா, நான் டெல்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் பதிவறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது மகனோடு ஜெயநகரில் இருப்பவன். அந்தக் கட்டைப் பிரிக்காமல் காத்தது உங்கள் தொழிலின் முதல் விதி. எந்தக் கையிலிருந்து வந்ததோ அந்தக் கையின் ஒழுங்கை மாற்றாதே என்பதைத்தான் எங்களுக்கும் முதல் பாடமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். மனம் ஒப்பாததற்குக் காரணம் பாசம் அல்ல. தொழிலறிவு.

இந்த நாட்டில் ஆவணக் காப்பு எப்படி வளர்ந்தது என்பதைப் பார்த்தால் உங்கள் பதவியின் பெயர் ஏன் அப்படி நிற்கிறது என்பது விளங்கும். 1891 மார்ச் மாதம் கல்கத்தாவில் இம்பீரியல் ரெக்கார்ட் டிபார்ட்மென்ட் தொடங்கியது. தலைநகரம் டெல்லிக்குப் போனதால் இதுவும் பின்னாலேயே போனது. ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்த கட்டடம் 1926இல் முடிந்தது. இன்றைய தேசிய ஆவணக் காப்பகம் அதுதான். ஆனால் மத்திய அரசின் ஆவணங்களுக்கான பொது ஆவணச் சட்டம் வந்தது எப்போது? 1993இல். அதற்கான விதிகள் 1997இல். கட்டடத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் 67 ஆண்டுகள். காகிதத்துக்கு வீடு கட்டியவர்கள், அதைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஒரு பதவியை உண்டாக்க அவ்வளவு காலம் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தச் சட்டப்படி ஒவ்வொரு அலுவலகமும் ஓர் ஆவண அதிகாரியை நியமிக்க வேண்டும். எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது, எதைக் காப்பகத்துக்கு அனுப்புவது என்பதையெல்லாம் பார்க்க வேண்டியவர் அவர். நான் இருந்த இடத்தில் அந்தப் பொறுப்பு, ஏற்கெனவே நான்கு பொறுப்புகள் இருந்த ஒருவர் தலையில் ஐந்தாவதாக வைக்கப்பட்டது. அவர் நல்ல மனிதர். அவருக்கு நேரம்தான் இல்லை. மழைக்காலத்தில் பதிவறைக்குள் தண்ணீர் வந்தபோது கோப்புகளைத் தூக்கி மேசைமேல் வைத்தவர்கள் கடைநிலை ஊழியர்கள். பட்டியல் இல்லாததால் எவற்றை முதலில் தூக்குவது என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

ஆகவே நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் தொழிலில் மேலே போவது என்றால் முடிவெடுக்கும் உரிமை கூடுவது. எதைக் காப்பகத்துக்கு வாங்குவது, எந்த வரிசையில் வைப்பது, பட்டியலில் எப்படி விவரிப்பது, யாருக்கு எப்போது திறப்பது என்ற நான்கில் எத்தனை உங்கள் கையில் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். குழுத் தலைவராகப் போனால் அந்த எண்ணிக்கை கூடுமா, குறையுமா என்று அந்த நிறுவனத்தாரிடமே கேளுங்கள்.

---

மாதுங்கா:

நான் மும்பையிலிருந்து எழுதுகிறேன். பெரியவர் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் ஒரு பக்கத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார். வாடகை.

நானும் ஒப்பந்தத்தில்தான் தொடங்கினேன். தோழி, ஒப்பந்தத்தில் இருக்கும்வரை உங்கள் தீர்ப்புக்கு எடை கிடையாது. பிரிக்கமாட்டேன் என்று நீங்கள் சொன்னதை இந்த முறை கேட்டார்கள். அடுத்த ஆண்டு உங்கள் இடத்தில் வேறொருவர் வந்து பிரித்துவிடலாம். நான் ஒரு நிறுவனக் காப்பகத்துக்கு மாறியதற்குக் காரணம் சம்பளம்தான். வெட்கப்படவில்லை. நிலையான வேலை கிடைத்த பிறகுதான் வேண்டாததை வேண்டாம் என்று சொல்லும் துணிவு எனக்கு வந்தது.

தனியார் நிறுவனங்களின் காப்பகங்களை ஏளனமாகப் பார்க்கும் பழக்கம் நம் வரலாற்று மாணவர்களிடம் இருக்கிறது. அது தவறு. இப்போது புனேயில் இருக்கும் டாடா மத்திய ஆவணக் காப்பகம் 1991இல் தொடங்கியது. விக்ரோலியில் கோத்ரெஜ் காப்பகம் 2006இல். ரிசர்வ் வங்கியும் 1981இலேயே தனக்கென ஒரு காப்பகத்தை அமைத்துவிட்டது. இந்த இடங்களில் ஆவணக் காப்பாளர் என்பது முழுநேரப் பணி. யாருக்கோ ஐந்தாவது பொறுப்பாகக் கொடுக்கப்படுவதல்ல.

தமிழர்களுக்கு இன்னொரு நல்ல முன்மாதிரி மும்பையிலேயே இருக்கிறது. அம்பை என்ற பெயரில் நாம் படிக்கும் சி.எஸ். லட்சுமி 1988இல் இன்னும் இருவரோடு சேர்ந்து தொடங்கிய ஸ்பாரோ காப்பகம். பெண்களின் குரல் பதிவுகள், படங்கள், நேர்காணல்கள், சுவரொட்டிகள் என்று மற்ற காப்பகங்கள் ஆவணமாகவே மதிக்காதவற்றைச் சேர்த்தார்கள். பதவி இல்லாத இடத்தில் அவர்கள் நிறுவனத்தையே உண்டாக்கினார்கள். எல்லோராலும் அது முடியாது. என்னால் முடியவில்லை என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

இங்கே வந்த பிறகு மோடி எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். மராத்தியை ஒரு காலத்தில் எழுதிய அந்தத் தொடரெழுத்தைச் சரளமாகப் படிக்கிறவர்கள் இப்போது குறைவு. தஞ்சை மராட்டியர் ஆவணங்கள் பலவும் அதே எழுத்தில்தான் இருக்கின்றன. அதைப் படித்து ஒரு பழைய கணக்குப் புத்தகத்துக்கு விவரிப்பு எழுதிய பிறகுதான் கூட்டங்களில் என் கருத்தைக் கேட்கத் தொடங்கினார்கள். எனக்கு உண்மையான பதவி உயர்வு அங்கேதான் கிடைத்தது. ஆனால் அதைக் கற்க மாலை நேரம் வேண்டும். மாலை நேரம் வேண்டுமென்றால் இரண்டாவது வேலை பார்க்காமல் வாழும் அளவுக்குச் சம்பளம் வேண்டும்.

---

அல்சூர்க்காரி:

இருவருக்கும் நன்றி. பெரியவரே, அந்த நான்கில் இப்போது என்னிடம் இருப்பது ஒன்றரை. விவரிப்பு என்னுடையது. வரிசை பாதி என்னுடையது, அதுவும் வாதாடினால். மாதுங்கா தோழி சொல்வதும் சுடுகிறது. என் விவரிப்புகள் எதிலும் என் பெயர் இல்லை. வேறிடத்தில் வேலைக்கு விண்ணப்பித்தால் இதை எழுதியது நான்தான் என்று காட்ட எனக்கு வழியில்லை.

---

மாரிக்குப்பத்தான்:

கோலார் தங்கவயலில் பிறந்து, பெங்களூரில் வேலை பார்த்து, வார இறுதியில் ஊருக்குப் போய் முதியவர்களின் பேச்சைப் பதிவு செய்கிறவன் நான். இதில் எனக்குப் பட்டம் கிடையாது. வேலை வேறு, இது வேறு. இருந்தாலும் இந்த இழையில் எனக்குச் சொல்ல ஒன்று உண்டு.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்களை மூடினார்கள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கியதிலிருந்து நூற்றிருபது ஆண்டுகள். நிர்வாகத்தின் பக்கம் எழுதப்பட்டவை எவ்வளவோ உண்டு: நிலத்தடி வரைபடங்கள், உற்பத்திக் கணக்குகள், மருத்துவமனைப் பதிவேடுகள். உள்ளே இறங்கியவர்கள் பக்கம் எழுத்தே இல்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது பொய். வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த எங்கள் முன்னோர் படித்தார்கள், எழுதினார்கள். அயோத்திதாசர் 1907இல் சென்னையில் தொடங்கிய பத்திரிகைக்குத் தங்கவயலில் வாசகர்களும் புரவலர்களும் இருந்தார்கள். அவர் காலத்துக்குப் பிறகு அந்தப் பத்திரிகை எங்கள் ஊரிலிருந்தே வெளிவந்திருக்கிறது. மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் இருந்தது, கூட்டம் நடந்தது, துண்டறிக்கை அச்சானது. அந்தத் தாள்களெல்லாம் வீடுகளில் இருந்தன. சுரங்கம் மூடி ஆட்கள் வேலை தேடி பெங்களூர் ரயிலில் ஏறியபோது பல வீடுகளில் பெட்டிகள் எடைக்குப் போயின.

சகோதரி, நீங்கள் அந்த பிஸ்கட் டின்னை வாங்கினீர்கள் அல்லவா, அதற்கு முன்னால் ஒரு வேலை நடந்திருக்கிறது. அந்தக் குடும்பம் அதை உங்களிடம் கொடுக்கலாம் என்று நம்பியிருக்கிறது. அந்த நம்பிக்கை ஓர் ஆவணக் காப்பாளரின் மூலதனம் என்று நான் நினைக்கிறேன். ஸ்கேன் செய்யும் நிறுவனத்துக்கு அது தேவைப்படாது. அவர்களுக்குத் தாள் வந்து சேரும்; தாள் வந்த வீட்டை அவர்கள் பார்க்கமாட்டார்கள்.

நான் பேச்சைப் பதிவு செய்யும்போது ஒப்புதல் தாளைத் தமிழிலேயே எழுதி, படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குகிறேன். எந்தப் பகுதியை வெளியே விடலாம், எதைத் தங்கள் காலத்துக்குப் பிறகுதான் திறக்க வேண்டும் என்று அவர்களே குறிக்கிறார்கள். ஒரு மூதாட்டி, கணவர் பாறை வெடிப்பில் இறந்ததைச் சொன்ன பகுதியை யாருக்கு வேண்டுமானாலும் போட்டுக் காட்டலாம் என்றார். இழப்பீட்டுப் பணத்துக்காகச் சொந்தங்களுக்குள் நடந்த சண்டையைப் பேரன் பேத்திகள் கேட்கக் கூடாது என்றார். இரண்டும் ஒரே நேர்காணலில் அடுத்தடுத்து வந்தவை. எங்கே வெட்டுவது என்று தீர்மானிக்க அவரோடு உட்கார்ந்து மறுபடி முழுவதும் கேட்டேன். இந்த அறிவை எந்தச் சான்றிதழில் எழுதுவது என்று எனக்கும் தெரிய வேண்டும்.

---

இரண்டாமாண்டு மாணவன்:

அக்கா, ஐயா, எல்லோருக்கும் வணக்கம். நான் பெங்களூரில் வரலாறு முதுகலை இரண்டாமாண்டு படிக்கிறேன். வீட்டில் யு.பி.எஸ்.சி. எழுதச் சொல்கிறார்கள். எனக்கு ஆவணக் காப்பகத்தில் சேர ஆசை. இந்த இழையைப் படித்த பிறகு ஆசை கூடியிருக்கிறது, பயமும் கூடியிருக்கிறது. எங்கே தொடங்குவது?

---

பழைய கோப்பு:

தம்பி, பயம் இருக்கட்டும். டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகத்தின் கீழ் ஆவணக் கல்விப் பள்ளி இருக்கிறது. ஓராண்டுப் பட்டயப் படிப்பும், பழுது நீக்கம், ஆவண மேலாண்மை போன்றவற்றுக்கு சில வாரக் குறுகியகாலப் படிப்புகளும் உண்டு. அரசுப் பணி அறிவிப்புகளில் அந்தப் பட்டயத்துக்கு மதிப்பு இருக்கிறது. அதற்கு முன் உன் ஊரிலேயே பார்க்க வேண்டியவை இருக்கின்றன. விதான சௌதாவில் கர்நாடக மாநில ஆவணக் காப்பகம். தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் அறிவியல் வரலாற்றுக்கென்று 2019இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட காப்பகம். முதலில் வாசகனாகப் போ. கோப்பைக் கேட்டு, காத்திருந்து, வாங்கிப் படி. பட்டியல் நன்றாக இருந்தால் எவ்வளவு நேரம் மிச்சமாகிறது, மோசமாக இருந்தால் எவ்வளவு வீணாகிறது என்பதை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

கூடவே, பன்னாட்டு ஆவணப் பேரவையின் விவரிப்பு நெறியான ஐசாட்-ஜியைப் படித்துவிடு. மொத்தம் 26 கூறுகள். அவற்றில் தவிர்க்கக் கூடாதவை ஆறு: குறியீட்டு எண், தலைப்பு, உருவாக்கியவர், தேதி, அளவு, எந்த நிலை விவரிப்பு (முழுச் சேகரிப்பா, கோப்பா, தனித் தாளா) என்பது. வீட்டில் உன் தாத்தாவின் பெட்டி ஒன்று இருந்தால் இந்த ஆறையும் வைத்து ஒரு பட்டியல் எழுதிப் பார். தலைப்பு வைப்பதிலேயே அரை நாள் போகும். போகட்டும்.

---

கோந்தும் தாளும்:

தாள் பழுது நீக்கும் வேலை செய்கிறேன். அல்சூர்க்காரி அக்காவின் பதிவில் உருகிய ரப்பர் பேண்டு என்று படித்ததும் கை பரபரத்தது. எப்படி எடுத்தீர்கள்? காய்ந்து பொருக்காகியிருந்தால் மழுங்கிய கத்தியால் மெல்ல நெம்பினாலே வந்துவிடும். இன்னும் பிசுபிசுப்பாக இருந்தால் தாளோடு இழுக்காதீர்கள். அதை விடுங்கள், வேலை பற்றிப் பேச வந்தேன்.

எங்கள் பிரிவில் மேலே போவது என்பது பெரும்பாலும், செய்யாமல் இருக்கக் கற்றுக்கொள்வது. தொடக்கத்தில் எல்லாக் கிழிசலையும் ஒட்ட ஆசையாக இருக்கும். பிறகு எதை ஒட்டாமல் உறையில் வைத்தாலே போதும் என்று தெரியும். ஒட்டினாலும் பின்னால் வருகிறவர் நீக்கக்கூடிய பசையால்தான் ஒட்ட வேண்டும். கோதுமை மாவுப் பசை, மெல்லிய ஜப்பானியத் தாள். இந்தியாவுக்கு இதில் பெருமைப்பட ஒரு வரலாறும் உண்டு. பெரிய இயந்திரம் வாங்க வசதியில்லாத காப்பகங்களுக்காக, அசிட்டோனில் நனைத்த பஞ்சைக் கொண்டு கையாலேயே செய்யக்கூடிய லேமினேஷன் முறையை தேசிய ஆவணக் காப்பகத்தில் உருவாக்கினார்கள். பல நாடுகள் அதைப் பின்பற்றின. அதில் தாளின்மேல் ஒட்டும் செல்லுலோஸ் அசிட்டேட் படலத்தின் குறைகள் இன்று தெரிந்திருப்பதால் பலர் அதைத் தவிர்க்கிறார்கள். அந்தக் காலத்து இக்கட்டுக்கு அது அறிவார்ந்த விடை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இதைப் படிக்கிற வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய பத்திரத்தையும் சான்றிதழையும் கடையில் கொடுத்து பிளாஸ்டிக் லேமினேஷன் செய்யாதீர்கள். செலோடேப் ஒட்டாதீர்கள். டேப்பின் பசை மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கிவிடும். அதை எடுக்க என்னைப் போன்றவருக்கு ஒரு முழு நாள் ஆகும், எடுத்த பிறகும் கறை நிற்கும்.

அக்கா, அந்த நிறுவனத்திடம் ஒரு கேள்வி கேளுங்கள். பைண்டு செய்த பதிவேட்டின் முதுகை வெட்டித் தாளைப் பிரித்து ஸ்கேன் செய்வார்களா, கட்டோடு மேலிருந்து படம் பிடிப்பார்களா? பக்கத்துக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போட்டவர்கள் வேகத்துக்காக முதுகை வெட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். வெட்டிய புத்தகம் அதன் பிறகு என்னிடம் வரும்.

---

டொம்மலூர் நடை:

காப்பகத்துக்கு வெளியே நிற்கிறவன் பேசலாமா? ஞாயிற்றுக்கிழமைகளில் வரலாற்று நடை கூட்டிப்போகிறேன். பொது வரலாறு (மக்களிடம் வரலாற்றைக் கொண்டுசெல்வது) என்று இப்போது இதற்குப் படிப்பே வந்துவிட்டது. அமெரிக்காவில் 1970களில், பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலை கிடைக்காத வரலாற்று மாணவர்கள் வேறெங்கே பணி செய்யலாம் என்ற கேள்வியிலிருந்து வளர்ந்த துறை அது. அங்கேயும் வேலை இல்லாத் திண்டாட்டத்தில்தான் பிறந்திருக்கிறது என்பது நமக்கு ஆறுதலாக இருக்கட்டும்.

பெங்களூரில் தமிழ் படிக்கத் தெரிந்த வரலாற்று மாணவருக்கு இருக்கும் வாய்ப்பு பற்றி இங்கே யாரும் பேசவில்லை. டொம்மலூர் சொக்கநாதர் கோயில் சுவரிலும் மடிவாளா சோமேசுவரர் கோயில் சுவரிலும் இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. பி.எல். ரைஸ் 1905இல் பெங்களூர் மாவட்டத்துக்கென்று வெளியிட்ட எபிகிராபியா கர்நாடிகா என்ற கல்வெட்டுத் தொகுப்பின் ஒன்பதாம் தொகுதியில் இவற்றைப் போன்ற பலவற்றின் பாடம் இருக்கிறது. நகரத்தின் கல்வெட்டுகளை மிதிக் சொசைட்டி என்ற வரலாற்று ஆய்வு அமைப்பு முப்பரிமாண ஸ்கேன் செய்து வருகிறது. சுண்ணாம்பு பூசி எழுத்து மங்கிய கல்லைக்கூட அந்த முறையில் படிக்க முடிகிறது.

என் நடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கன்னடம் பேசுகிறவர்கள். தமிழ்க் கல்வெட்டின் முன் நிற்கும்போது ஒருவித இறுக்கம் வரும். இந்த நகரத்தில் மொழிச் சண்டை நடந்திருக்கிறது, எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதனால் பேகூரையும் சேர்த்தே நடத்துகிறேன். பெங்களூர் என்ற பெயரைச் சொல்லும் பழைய நடுகல் பேகூரில்தான் இருக்கிறது, பழங்கன்னடத்தில். ஒரு கல்லை மட்டும் காட்டினால் உரிமைப் பேச்சாகிவிடும். இரண்டையும் காட்டும்போது கேள்வி மாறுகிறது: யார் நிலம் கொடுத்தார்கள், எந்த ஏரிக்கு, யார் எதற்காகச் செத்தார்கள் என்று கேட்கத் தொடங்குகிறார்கள். அந்த மாற்றத்தை உண்டாக்கக் கற்றதுதான் நான் இந்தத் தொழிலில் அடைந்தது. அதற்கு எந்தப் பதவிப் பெயரும் கிடையாது, ஆனால் பள்ளிகள் அழைக்கின்றன, காசும் தருகின்றன.

அல்சூர்க்காரி, உங்கள் 77 நாள் கட்டை அல்சூரிலோ தூரவாணி நகரிலோ ஒரு சிறு கண்காட்சியாக வைத்தால் நான் ஆட்களைக் கூட்டி வருகிறேன். விவரிப்பில் பெயர் போடாதவர்கள் கண்காட்சியில் போட்டே ஆக வேண்டும்.

---

மாதுங்கா:

கண்காட்சி நல்ல யோசனை. ஆனால் அந்தக் குடும்பத்தின் ஒப்புதல் அதற்கும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வாளர் படிப்பதற்குக் கொடுத்த சம்மதமும், அடகுச் சீட்டை அக்கம்பக்கத்தார் முன் மாட்டி வைக்கும் சம்மதமும் ஒன்றல்ல. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுச் சட்டம் ஆய்வுக்கும் ஆவணக் காப்புக்கும் விலக்குத் தருகிறது. சட்டம் விட்டாலும் அந்தத் தெருவில் அந்தக் குடும்பம் இன்றும் வாழ்கிறது.

வேலை பற்றி என் கருத்து மாறவில்லை. நிபந்தனைகளோடு போங்கள் என்பேன். உள்ளே நல்லவர்கள் இல்லாததால்தான் முதுகை வெட்டுகிறார்கள்.

---

அல்சூர்க்காரி:

சில நாட்களாக எழுத முடியவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நிறுவனத்தாரோடு பேசினேன். மரியாதையாகவே பேசினார்கள். முதுகை வெட்டுவார்களா என்று கேட்டேன். வாடிக்கையாளர் தடுக்காவிட்டால் வெட்டுவோம் என்றார்கள். வெற்றுப் பின்பக்கங்களை விட்டுவிடுவீர்களா என்றேன். மென்பொருளே வெறுமையாகத் தெரியும் பக்கங்களை நீக்கிவிடும் என்றார்கள். மங்கிய பென்சில் எழுத்தை அது வெறுமை என்று எடுத்துக்கொள்ளாதா என்று கேட்டதற்கு, அந்த அளவு நுணுக்கத்துக்கு விலை தருகிறவர்கள் இல்லை என்றார்கள். விவரிப்பு? எழுத்துணரி (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) எடுத்துத் தரும் சொற்களே தேடலுக்குப் போதும் என்றார்கள். கையெழுத்துத் தமிழை அந்த எழுத்துணரி படிக்காது. என் பிஸ்கட் டின் அவர்கள் கையில் சொல்லில்லாத படக் கோப்புகளாகத்தான் இருக்கும். பெரியவர் சொன்ன நான்கில் ஒன்றும் குழுத் தலைவரிடம் இல்லை. எல்லாமே ஒப்பந்தப் புள்ளியில் முன்பே எழுதப்பட்டவை. மாதுங்கா தோழி, நிபந்தனை வைக்க அங்கே இடமே இல்லை. அதனால் வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

வாடகை பற்றி நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. வேண்டாம் என்று எழுதிய அன்றே எங்கள் இயக்குநருக்கும் ஒரு கடிதம் எழுதினேன். மூன்று கேட்டேன். பதவிப் பெயர் ஆவணக் காப்பாளர் என்று மாற வேண்டும், ஒப்பந்தம் மூன்றாண்டுக்கு இருக்க வேண்டும். ஒவ்வொரு விவரிப்பின் கீழும் எழுதியவர் பெயரும் தேதியும் வர வேண்டும், எனக்கு மட்டுமல்ல, பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கும். வேலை நேரத்திலேயே படிப்புக்கு நேரம் வேண்டும். கடிதத்தோடு அந்தக் கட்டின் விவரிப்பை இணைத்தேன். இரண்டு ஆய்வாளர்கள் அதை வைத்துத்தான் எங்களைத் தேடி வந்தார்கள் என்பதையும் எழுதினேன்.

பெயர் போடுவதற்கு உடனே ஒப்புதல் வந்துவிட்டது. அதற்குச் செலவில்லை. பதவிப் பெயரும் ஒப்பந்தக் காலமும் நிதிக் குழுவுக்குப் போயிருக்கின்றன. படிப்புக்கு வெள்ளி பிற்பகல் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆண்டு முடிவில் நிதிக் குழு மறுத்தால் வேறு காப்பகங்களுக்கு விண்ணப்பிப்பேன், மும்பை உட்பட. அப்போது காட்ட என் பெயரோடு விவரிப்புகள் இருக்கும்.

குடும்பத்தாரிடமும் பேசினேன். மகள் கண்காட்சிக்குச் சம்மதித்தார்; மகன் வேண்டாம் என்கிறார். இருவரும் ஒத்துக்கொள்ளும்வரை வைக்கப்போவதில்லை. டொம்மலூர் நடை பொறுத்துக்கொள்ள வேண்டும். மாரிக்குப்பத்தாரே, உங்கள் தமிழ் ஒப்புதல் தாளின் படி ஒன்று அனுப்ப முடியுமா? எங்களுடையது ஆங்கிலத்தில் மட்டும்தான் இருக்கிறது. அந்த மகனுக்குப் படித்துக் காட்ட அதைவிட நல்ல தாள் வேண்டும்.

---

மாரிக்குப்பத்தான்:

இன்றிரவே அனுப்புகிறேன். நான்காவது பத்தியை உங்கள் நிறுவனத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். அதில் சம்மதத்தைப் பின்னால் திரும்பப் பெறும் உரிமை பற்றி எழுதியிருக்கிறேன். மகன் தயங்குவதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

---

இரண்டாமாண்டு மாணவன்:

அக்கா, பயிற்சிக்கு வரும் மாணவர்கள் என்று எழுதியிருக்கிறீர்களே. விண்ணப்பிக்கலாமா? தாத்தாவின் பெட்டிக்குப் பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன். ஆறு கூறுகளும் இருக்கின்றன. தலைப்புதான் இன்னும் சரியாக வரவில்லை.

---

அல்சூர்க்காரி:

விண்ணப்பி தம்பி. பட்டியலை அப்படியே இணைத்து அனுப்பு. தலைப்பை உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம்.